பிடித்த பிடியை விடாத பிரேக்

வகுப்பறைச் செய்திகளையே எழுதிவரும் இப்பக்கத்தில் இன்று ஒரு பழைய காரின் கதை. பிள்ளைகளைக் காரில் ஏற்றிச் செல்லும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

1990-இல் இங்கு நடைமுறைக்கு வந்த வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் பலர் காரைக் கைவிடுகின்றனர். நாங்கள் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தோம். இப்போது காருக்கு 13 வயது. ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

சிராங்கூன் சாலை நெரிசலில் ஊர்ந்துவிட்டு நிறுத்தினால் முன்பக்க இடச்சக்கரத்தில் கருகல் வாடை. ஓட்டும்போது வண்டி இடப்பக்கம் இழுத்தது. ஒரு பட்டறையில் பிரேக் பேடுகளை மாற்றிக் கொடுத்தனர். இரண்டே வாரங்களில் வாடை திரும்பியது.

பிறகு காக்கி புக்கிட்டில் மூத்த மெக்கானிக் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "டீச்சர், தேக்காவுல இருந்து நேரா ஓட்டி வாங்க. ஆறிப்போன வண்டியில ஒண்ணும் தெரியாது. புகை வந்தா மட்டும் நிறுத்திடுங்க" என்றார். சூட்டோடு ஜாக்கியில் ஏற்றி அச்சக்கரத்தைச் சுழற்றினார், அசையவில்லை. பிரேக்கில் காற்றை வெளியேற்றும் சிறு திருகைத் தளர்த்தினார். எண்ணெய் பீச்சியடித்தது, சக்கரம் எளிதாகச் சுழன்றது!

திருகைத் திறந்த பின்னும் சக்கரம் இறுகியிருந்தால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கலாம், அல்லது கேலிப்பர் நகரும் ஊசிகள் சிக்கியிருக்கலாம். இங்கோ அழுத்தம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கியிருந்தது. ஒரு சக்கரத்தில் மட்டும் என்பதால் மாஸ்டர் சிலிண்டர்மீது ஐயம் குறைவு. குற்றவாளி, ரப்பர் பிரேக் குழாய். வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது, உட்புறம் உப்பிப்போயிருந்தது. மிதிக்கும் வலிமையில் எண்ணெய் உள்ளே நுழைந்துவிடும். காலை எடுத்ததும் திரும்பி வர இயலாது.

'பழம்' என்பதைப் 'பளம்' என்றெழுதும் பிள்ளையை நூறு முறை எழுதச் சொல்லுமுன், ழகரம் அவன் காதில் விழுகிறதா என்று பாருங்கள் எனப் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தனர். பேடு மாற்றியவர்களுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை போலும்.

முன்பக்கக் குழாய்கள் இரண்டையும் மாற்றி, பிரேக் எண்ணெயையும் புதிதாக ஊற்றினார். அந்த எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரமேறினால் அவ்வெல்லை 155 வரை இறங்கலாம். பிடித்துக்கொண்ட பிரேக்கின் சூட்டில் எண்ணெய் கொதித்து ஆவியானால், மிதி தரைவரை இறங்கும்; வண்டி நிற்காது. பின்னிருக்கையில் பிள்ளைகள் இருக்கும்போது அது நேர்ந்தால்?

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும், சக்கரங்களைத் தொடாமல் அருகில் கையை நீட்டிப் பாருங்கள். முன்சக்கரங்கள் இரண்டையும் ஒப்பிடுங்கள், பின்சக்கரங்களையும் அவ்வாறே. ஒன்று மட்டும் அனலடித்தால் பட்டறைக்குப் போங்கள். புகை கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் விரிசல் விடக்கூடும்.

சென்ற சனிக்கிழமை காலாங் வரை ஓட்டிப் பார்த்தேன். முன்சக்கரங்கள் இரண்டிலும் ஒரே அளவுச் சூடு.