காணாக்கடியும் எலும்பு மஜ்ஜையும்

தூத்துக்குடிக் கடற்கரையிற் பிறந்தார்க்குச் சொறி என்னும் கடலுயிரைப் பற்றிப் பிறர் சொல்லவேண்டுவதில்லை. பெயரே அதன் குணத்தைக் கூறும். 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டதாயினும், சங்கு குளிக்கச் செல்வார் அதன் தீண்டலை இன்றும் அறிவர். எம் தமையனார்க்கோ கடலில் இறங்கவும் வேண்டா. இறால் இரண்டு உண்டாற் போதும், மேலெல்லாம் காணாக்கடி தடித்தெழும். மீனும் இறாலுமே கறியாகவுள்ள வீட்டில் இஃது ஒரு நகைப்பாகவே இருந்துவந்தது.

சென்ற ஆண்டு எம் தங்கைக்கு இரத்தநோய் முற்றி, எலும்பு மஜ்ஜை மாற்றினாலன்றி உய்தியில்லை என மருத்துவர் கூறினர். உடன்பிறந்தாருள் தமையனாருடையதே பொருந்திற்று. அப்பொழுது எம் அன்னையார், "அவன் காணாக்கடியும் அவளுக்குப் போய்விடுமோ?" என்று வினவினார். சுற்றத்தார் சிலர் நகைத்தனர், மருத்துவர் நகைத்திலர்.

காணாக்கடிக்கு வித்தாவது மாஸ்ட் என்னும் உயிரணு. தோலிலும் குடலிலும் உறைவது. ஹிஸ்டமின் முதலியவற்றைத் துகள்களாக அடக்கிவைத்து, ஒவ்வாப் பொருள் வந்துற்றவுடன் உமிழ்வது. 1878-இல் பால் எர்லிக் என்பார், இரையுண்டு கொழுத்தது என்னும் பொருள்பட இப்பெயரை இட்டனர். அதன் பிறப்பிடமோ ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு விளங்காதிருந்தது. ஜப்பானியராகிய கிட்டமுராவும் அவர்தம் குழுவினரும் 1977-இல் சுண்டெலிகளைக்கொண்டு இதனைத் துருவினர். பெய்ஜ் என்னும் வகைச் சுண்டெலியின் மாஸ்ட் துகள்கள் மிகப் பெரியன. ஆகவே அடையாளம் தப்பாது. கதிர்வீச்சால் மஜ்ஜை ஒடுக்கப்பட்ட வேறு சுண்டெலிக்கு அதன் மஜ்ஜையை ஏற்றவே, நாளடைவில் அப்பெருந்துகள் உயிரணுக்கள் ஏற்ற உடலிலும் தோன்றின. மறுவாண்டு, பிறவியிலேயே மாஸ்ட் அருகிய சுண்டெலிகட்கு நன்மஜ்ஜை ஏற்ற, அவற்றிலும் அவ்வணுக்கள் பெருகின. பழைய அணுக்கள் நெடுநாள் வாழ்வன ஆகலின் மாற்றம் மெல்லவே நிகழும்.

ஆயின் மாஸ்ட் தானே பகையறியாது. இறாலை அதற்குக் காட்டிக்கொடுப்பது ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்பொருள். அதனை ஆக்கும் அணுக்களும் மஜ்ஜையின் வழித்தோன்றல்களே! கொடுத்தாரின் ஒவ்வாமை பெற்றார்க்குச் சென்றமை 1988-இல் மருத்துவ ஏட்டிற் பதிவாகியுளது, எல்லார்க்கும் நேர்வதன்று. அன்னையார் எந்நூலுங் கல்லாது இவ்வினாவை எழுப்பினார் என்பது எமக்கு வியப்பே.

இவையெல்லாம் கேட்ட தங்கை, "உயிர் இருந்தாலன்றோ இறால்?" என்றாள். ஆவணியில் மஜ்ஜை ஏற்றினர். இரத்தம் தேறிவருகின்றது. வீட்டில் இறால் இன்னும் சமைக்கப்படவில்லை. மருத்துவர் முன்னிலையிற் சிறிது உண்டு பார்ப்பதற்கு வருந்திங்களில் நாள் குறித்துள்ளனர்.