நாலு கிலோமீற்றர் ஆறு

அன்பின் மச்சாள்,

உன்ரை கடிதம் வந்தது. அங்கை பனி, இஞ்சை யாழ்ப்பாணத்திலை வெள்ளம். இப்ப வடிஞ்சிட்டுது. கிணத்தை இறைச்சுக் குளோரினும் போட்டாச்சு. கதைதான் இன்னும் வடியேல்லை. வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்கு கொழும்பிலை அனுமதி வந்திட்டுதாம்! மாரி முடிஞ்சால் இப்பிடி ஒரு கதை சந்தையிலை கிளம்புறது வழமைதானே. மீன்காரி சத்தியம் பண்ணுவா. விதானையாரைக் கேட்டால், "எனக்கு ஒரு கடிதமும் வரேல்லை" எண்டுவார்.

எங்களுக்கு அனுமதி அப்பாச்சி காலத்திலையே வந்திட்டுதெண்டு இவைக்கு ஆர் சொல்லுறது? மாரித் தண்ணியை மறிச்சு வைக்க 1954இலை நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் போட்ட திட்டத்துக்குப் பேரே 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு'. கனகராயனாறு இரணைமடுவைத் தாண்டி ஆனையிறவுக் களப்பிலை விழுந்து வீணாய்க் கடலுக்குப் போகுதல்லோ? அந்தக் களப்பை மறிச்சு நன்னீராக்கி, முள்ளியானிலை வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் களப்புக்கு விட்டால், அங்கையிருந்து உப்பாறு வரைக்கும் போகும். கரையிலை இருக்கிற கிணறெல்லாம் உவர் குறைஞ்சு நல்லாகும். தொண்டைமானாற்றுக் கதவணை அதுக்கு முன்னமே 1953இலை முடிஞ்சுது, அரியாலையிலை 1955இலை. ஆனையிறவுப் பக்கமும் வேலை நடந்தது. முள்ளியான் வாய்க்கால் ஒரு நாலு கிலோமீற்றர்தான். அது அரைகுறையாய்க் கிடக்கக் காசு நிண்டுது, பேந்து சண்டை வந்தது. நாலு கிலோமீற்றரடி! நாங்கள் சைக்கிளிலை ரியூசனுக்குப் போன தூரம்.

2008 கார்த்திகையிலை நிசா புயலுக்கு ஒரு நாளிலை 500 மில்லிமீற்றருக்கு மேலை கொட்டினது உனக்கு ஞாபகம் இருக்கும். பிறகு 2020இலை புரெவி. 2024இலை ஃபெங்கல், அதுக்குப் பின்னாலை எலிக்காய்ச்சல், செத்த சனமும் இருக்கு. அவ்வளவு தண்ணியும் கடலுக்குப் போக, அதே வருசம் தாளையடியிலை கடல் தண்ணியிலை உப்பைப் பிரிச்சுக் குடிக்கக் குடுக்கிற ஆலையைத் திறந்தினம். நான் அதைக் குறை சொல்லேல்லை, குடிக்கத் தண்ணி வேணும்தானே. ஆனால் கணக்கைப் பார், பகிடியாய் இல்லையே?

இனி எங்கட வீட்டுச் சண்டையைக் கேள். அத்தானுக்கு அராலியிலை வயல். வழுக்கையாறு அளவெட்டிப் பக்கத்து வெள்ளத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு அங்கைதான் வந்து கடலிலை விழும். மழை இறுகினால், "கதவணையைத் திற, பயிர் அழுகுது" எண்டு நிப்பார். மழை விட்ட அடுத்த நாளே, "மூடு, உப்புத் தண்ணி ஏறுது" எண்டுவார். அவரின்ரை தங்கச்சி புருசன் தொண்டைமானாற்றிலை இறால் பிடிக்கிறவர். அங்கத்தைக் கதவணை திறந்து உப்புத் தண்ணி உள்ளை வந்தால்தான் அவருக்குப் பிழைப்பு. போன தீபாவளிக்கு ரெண்டு பேரும் ஒரே பாயிலை இருந்து ஆட்டிறைச்சி சாப்பிட்டினம், ஒரு சொல்லும் கதைக்கேல்லை! எனக்குத் தெரிய, எந்த அனுமதிக் கடிதத்திலையும் உவை ரெண்டு பேருக்கும் ஒரு வரி இருந்ததில்லை. எந்த மழைக்கு, எந்த நாளிலை கதவு திறக்கிறதெண்டு மாரிக்கு முன்னமே கமக்காரரையும் கடற்றொழிலாளரையும் கூப்பிட்டுப் பேசாமல் கொங்கிறீற் ஊத்தி என்ன பிரயோசனம்?

ரவுணுக்குள்ளை இன்னும் மோசம். பழைய குளங்களும் கேணிகளும் ஒண்டுக்கொண்டு வாய்க்காலாலை தொடுத்துக் கிடந்தது. இப்ப எல்லாருக்கும் மதில் வேணும். வெளிநாட்டுக் காசிலை கிரவல் அடிச்சு வளவை மூண்டடி உயர்த்தினால், அந்தத் தண்ணி பக்கத்து வீட்டு ஆச்சியின்ரை குசினிக்குள்ளைதானே போகும்? எங்கட ஒழுங்கையிலை இந்த முறை அப்பிடித்தான் நடந்தது. ஆச்சி ரெண்டு கிழமை பள்ளிக்கூடத்திலை இருந்தவ.

கோவிக்காதை, இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினனான். உன்ரை வளவுக்குப் பின்னாலை போற வெள்ளவாய்க்காலையும் சேத்து மதில் கட்டப்போறாராம் உன்ரை தம்பியார். கல்லும் மண்ணும் பறிச்சாச்சு. நான் சொன்னால், "அக்காதான் காசு அனுப்பினவ, அவவைக் கேளுங்கோ" எண்டுறார். இந்த ஞாயிறே அவருக்கு ஒரு கோல் எடு.

அன்புடன்,
உன்ரை மச்சாள்