செங்குத்தாக நிற்கும் கடலடி

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தென்மேற்கே 120 கிலோமீட்டர் போனால் வால் ஆற்றங்கரையில் பாரிஸ் என்றொரு சிற்றூர். வ்ரெடெஃபோர்ட் விண்கல் பள்ளத்தைப் பார்க்க வருபவர்கள் இங்குதான் இறங்குகிறார்கள். பள்ளத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். 202 கோடி ஆண்டுகளுக்கு முன் உண்டான 250 முதல் 300 கிலோமீட்டர் அகலப் பள்ளம் அரித்துப் போய்விட்டது. அதன் அடித்தளத்தில்தான் நடக்கிறோம்.

கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக்கு வழிகாட்டி அழைத்துப் போனார். அறுத்த கிரானைட் சுவரில் கறுப்புப் பட்டைகள்; ஓரிடத்தில் விரலளவு, இன்னோரிடத்தில் ஆளுயரம். உள்ளே மழுங்கிய கிரானைட் உருண்டைகள், பாகில் போட்ட முந்திரியாய்ச் சிக்கிக் கிடக்கின்றன. மோதலில் பாறை நொறுங்கி, உருகி, இறுகிய தடம் இது. 1916இல் ஷாண்ட் என்பவர் இதற்கு சூடோடாக்கிலைட் என்று பெயரிட்டார். விண்கல்தான் காரணம் என்று ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

சுற்றியுள்ள குன்றுகள்தான் என்னை அசத்தின. நீரடியில் படிந்த மணல், குவார்ட்சைட்டாகி, செங்குத்தாக நிற்கிறது. அலைத்தடங்களைச் சுவரில் தடவிப் பார்க்கலாம். சில இடங்களில் அடுக்கே தலைகீழ்: மூத்த பாறை மேலே, இளையது கீழே. மோதிய இடத்தின் நடுவே பூமியின் ஆழம் எகிறி எழுந்தது; சுற்றுப்புறம் தாழ்ந்தது. அப்படித் தாழ்ந்ததால்தான் விட்வாட்டர்ஸ்ரான்ட் படுகையின் தங்கம் அரிப்புக்குத் தப்பியது. தங்கத்தை விண்கல் கொண்டுவரவில்லை, இருந்ததைப் புதைத்துக் காத்தது, அவ்வளவே.

இவ்வளவு நடந்தும் கண்டம் பிளக்கவில்லை. அதற்குள் இங்கே நிலத்தட்டு தடித்து இறுகியிருந்தது. மோதல் தட்டுகளையே நகர்த்தியிருக்குமா என்று கேட்பவர்கள் கிழக்கே பார்பர்ட்டன் மலைக்குப் போகவேண்டும். அங்கே 326 கோடி ஆண்டுப் பழைய அடுக்கொன்றில், இன்னொரு விண்கல் மோதலில் ஆவியான பாறை குளிர்ந்து பொழிந்த மணிகள் கிடக்கின்றன. அதற்குக் கீழே பெரும்பாலும் எரிமலைப் பாறை. மேலே, உயர்ந்த நிலத்திலிருந்து அரித்து வந்த வண்டல். விழுந்த கல்லின் குறுக்களவு 37 முதல் 58 கிலோமீட்டர் என்று 2014இல் ஸ்லீப், லோ என்னும் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தட்டு நகர்வுக்கு அது தூண்டுதலாயிருக்கலாம் என்பது லோவின் ஊகம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் அந்த மோதலின் பள்ளம் எங்கும் அகப்படவில்லை.