ஐம்பதுக்குச் சுருண்ட பிறகும்

2023 செப்டம்பர் 17ஆம் திகதி, கொழும்பு பிரேமதாச மைதானத்தில் நடந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை அணி 15.2 ஓவர்களில் 50 ஓட்டங்களுக்குச் சகல விக்கெட்டுகளையும் இழந்தது. மொஹமட் சிராஜ் 21 ஓட்டங்களைக் கொடுத்து ஆறு விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்தியா 6.1 ஓவர்களில் காரியத்தை முடித்துக்கொண்டு கிண்ணத்தோடு புறப்பட்டது. உலகக் கிண்ணப் போட்டிகள் ஆரம்பமாவதற்கு அப்போது மூன்று வாரங்கள்கூட இருக்கவில்லை.

அந்த இடைவெளியில் யட்டவத்தைக்குப் போயிருந்தேன். ஊரில் துக்கம் விசாரிக்கும் நிலைமைதான் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு வேறொரு காட்சி காத்திருந்தது. தேநீர்க் கடையில் உலகக் கிண்ண அணியின் துடுப்பாட்ட வரிசையை ஒன்றிலிருந்து ஏழுவரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மிளகு வாங்கி விற்கும் ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “நம்ம பெட்டிங்கில ஒரு குறையும் இல்லங்க ஐயா. அன்னைக்கு நேரம் சரியில்ல, அவ்வளவுதான்.” பக்கத்திலிருந்த சிங்கள நண்பர்கள் இருவர் மொழி முழுவதும் புரியாமலேயே தலையசைத்தார்கள். எதைச் சொல்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அவர் சொன்னதை உலகக் கிண்ணத்தின் முதல் இரண்டு ஆட்டங்கள் ஏறத்தாழ நிரூபித்தன என்பதுதான் வேடிக்கை. டில்லியில் தென்னாபிரிக்கா 428 ஓட்டங்களைக் குவித்தது, இலங்கை தோற்றது. ஆனாலும் 326 ஓட்டங்களை எடுத்தே தோற்றது. குசல் மெண்டிஸ் 42 பந்துகளில் 76. அடுத்து ஹைதராபாத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 344. குசல் மெண்டிஸ் 122, சதீர சமரவிக்ரம 108. அதையும் பாகிஸ்தான் துரத்திப் பிடித்துவிட்டது. எனவே குறை பந்துவீச்சில்தான் என்று ஊர் தீர்ப்பு வழங்கியது. இங்கிலாந்தைப் பெங்களூரில் வென்றபோது அந்தத் தீர்ப்புக்கு முத்திரையும் குத்தப்பட்டது. நவம்பர் 2ஆம் திகதி மும்பையில், இந்தியாவின் 357 ஓட்டங்களுக்குப் பதிலாக 55 ஓட்டங்கள். 302 ஓட்டங்களால் தோல்வி. ஒன்பது ஆட்டங்களில் இரண்டு வெற்றிகளோடு ஒன்பதாம் இடம். 2025 சம்பியன்ஸ் கிண்ணத்துக்கான வாய்ப்பும் அதோடு போயிற்று.

நம்முடைய ரசிகர் கணக்குப் பார்க்கத் தெரியாதவர் அல்லர். கணக்கு வேறு விதமானது. ஒரு துடுப்பாட்ட வீரரின் சராசரி என்ன என்று அவர் கேட்பதில்லை. அவருடைய மிகச் சிறந்த நாளை மட்டும் எடுத்துக்கொள்கிறார். 2019 பெப்ரவரியில் டேர்பனில் குசல் ஜனித் பெரேரா ஆட்டமிழக்காது எடுத்த 153 அதில் ஒன்று. ஒன்பது விக்கெட்டுகள் போன பின்பு இன்னும் 78 ஓட்டங்கள் தேவைப்பட்டன, மறுமுனையில் விஷ்வ பெர்னாண்டோ நின்றார், இலக்கு 304, வெற்றி ஒரு விக்கெட்டினால். 2024 பெப்ரவரியில் பல்லேகலையில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக பத்தும் நிஸ்ஸங்க பெற்ற 210 இன்னொன்று. சனத் ஜயசூரிய 2000ஆம் ஆண்டில் சார்ஜாவில் எடுத்த 189ஐத் தாண்டி, ஒருநாள் ஆட்டத்தில் இலங்கையர் ஒருவர் பெற்ற முதலாவது இரட்டைச் சதம். இந்த நாள்களையெல்லாம் ஒரே தாளில் எழுதிக் கூட்டினால் எந்த அணியும் நமக்கு நிகரில்லை. அவை ஒரே நாளில் நடப்பதில்லை என்பது மட்டுமே குறை.

விளையாட்டுப் பக்கத்தின் மேசையில் இருந்தவர்களுக்கு இந்தக் கூட்டல் நன்றாகத் தெரியும். தொடர் ஒன்று தொடங்குவதற்கு முதல் நாள் முன்னோட்டக் கட்டுரையில் “பலம் வாய்ந்த துடுப்பாட்ட வரிசை” என்ற சொற்றொடர் எப்படியோ வந்து உட்கார்ந்துவிடும். எழுதியவர் யார் என்று பார்க்க வேண்டியதில்லை. தோட்டப் பகுதிகளிலிருந்து அஞ்சலட்டைகள் வரும். பதினொரு பெயர்கள், வரிசை இலக்கங்களோடு. சிலவற்றில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எதிர்பார்க்கப்படும் ஓட்டங்களும் குறிக்கப்பட்டிருக்கும். பூச்சியம் குறிக்கப்பட்ட அட்டை ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.

இந்த நம்பிக்கையின் மூலம் 1996. எல்லோரும் சொல்வதுதான், ஆனால் எல்லோரும் சொல்லும் காரணம் எனக்கு ஒப்பில்லை. சனத் ஜயசூரியவும் ரொமேஷ் களுவிதாரணவும் முதல் பதினைந்து ஓவர்களில் எதிரணியைச் சிதறடித்ததையே நினைவுகூர்வார்கள். அது உண்மை. ஆயினும் கொல்கத்தாவில் இந்தியாவுக்கு எதிரான அரையிறுதியில் அந்த இருவரும் முதல் ஓவரிலேயே ஆட்டமிழந்தார்கள். களு பூச்சியம், சனத் ஒன்று. அரவிந்த டி சில்வா வந்து 47 பந்துகளில் 66 எடுத்தார். லாகூரில் மார்ச் 17 அன்று நடந்த இறுதியாட்டத்திலும் இருபத்து மூன்று ஓட்டங்களுக்குள் இருவரும் போய்விட்டார்கள். மறுபடியும் அரவிந்த; ஆட்டமிழக்காத 107. அசங்க குருசிங்க 65, அர்ஜுன ரணதுங்க ஆட்டமிழக்காது 47. ஏழு விக்கெட்டுகளால் வெற்றி. நம்பியவர்கள் விழுந்தாலும் நம்பாத இடத்திலிருந்து ஒருவர் எழுவார் என்பதையே அந்த ஆண்டு நம்மவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அதனால்தான் இன்றைக்கும் இரண்டு விக்கெட் விழுந்தவுடன் கடையில் எவராவது ஒருவர் “தொண்ணூற்றாறிலயும் இப்பிடித்தான்” என்பார். எத்தனை விக்கெட் விழுந்தாலும் அந்த வாக்கியம் செல்லுபடியாகும்.

லாகூர் வெற்றியின் இரவில் நான் கொழும்பில் இருந்தேன். ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கியில் குண்டு வெடித்து ஏறத்தாழ ஏழு வாரங்கள் கழிந்திருந்தன. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்திருந்தன. தமிழ்ப் பெயர் எழுதிய அடையாள அட்டையோடு இரவில் வீதியில் நடப்பது எப்படியிருந்தது என்பதை அந்த வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பணி முடித்துத் திரும்புகையில் சோதனைச் சாவடியில் நின்ற இளம் சிப்பாய் அட்டையை வாங்கி, பெயரை வாசித்து, முகத்தைப் பார்த்து, திருப்பித் தரும்போது “அபி தின்னா, மாத்தயா” என்றான். நாம் வென்றோம், ஐயா.

மொழிபெயர்த்தே பிழைத்தவன் என்பதனால் அந்த “அபி” என்னை விட்டுப் போகவில்லை. சிங்களத்தில் அது ஒரே சொல். தமிழில் எழுத உட்கார்ந்தால் தெரிவு செய்தாக வேண்டும்: கேட்பவனையும் சேர்த்துக்கொள்ளும் “நாம்” என்பதா, அவனை வெளியே நிறுத்தும் “நாங்கள்” என்பதா? அவன் எதை எண்ணிச் சொன்னான் என்பது அவனுக்கே தெரிந்திருக்க நியாயமில்லை. நான் “நாம்” என்றே எடுத்துக்கொண்டேன். மறுநாள் இரவு அதே சாவடியில் வழக்கமான விசாரணைதான் நடந்தது.

இலங்கைத் தமிழ் ரசிகர் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். இந்தியாவுடன் ஆட்டம் என்றால் லயன் வீடுகளில் ஒரே கூரையின் கீழ் இரண்டு கட்சிகள் இருக்கும். 2011 ஏப்ரல் 2ஆம் திகதி மும்பை இறுதியாட்டத்தில் மஹேல ஜயவர்தன ஆட்டமிழக்காது 103 ஓட்டங்களை எடுத்தபோது மகன் துள்ளினான். டோனி 91 ஓட்டங்களோடு நின்று முடித்தபோது தகப்பன் புன்னகைத்தார். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இருவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் இந்த அணியை ஒருபோதும் தம்முடையதாக எண்ணாதவர்கள் உண்டு. அவர்களுக்கு அவர்களுடைய காரணங்கள் உண்டு. 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்களை எடுத்தவரும், அடுத்த ஆண்டு பிரட்மனின் அணிக்கு எதிராக இலங்கைக்குத் தலைமை தாங்கியவருமான மகாதேவன் சதாசிவம் பற்றிப் பேசும் முதியவர்களின் குரலில் பெருமையோடு வேறொன்றும் கலந்திருக்கும். ஆனால் யட்டவத்த மிளகு வியாபாரியின் “நம்ம பெட்டிங்” என்பதில் எந்த விளக்கமும் எந்தத் தயக்கமும் இல்லை. வாக்காளர் இடாப்பைப் பற்றியோ காணி பற்றியோ பேசும்போது அதே மனிதர் “அவங்க”, “நாங்க” என்று கவனமாகப் பிரித்துத்தான் பேசுவார்.

மாத்தளைக்காரர்களுக்கு இன்னொரு தனிச் சொந்தமும் இருக்கிறது. குமார் சங்கக்கார பிறந்தது மாத்தளையில். வளர்ந்ததும் படித்ததும் கண்டியில் என்பதை இங்கே எவரும் பொருட்படுத்துவதில்லை. 2015 உலகக் கிண்ணத்தில் அவர் பங்களாதேஷ், இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, ஸ்கொட்லாந்து ஆகிய அணிகளுக்கு எதிராக அடுத்தடுத்து நான்கு சதங்கள் பெற்றார். அதற்கு முன் ஒருநாள் ஆட்டங்களில் எவரும் செய்யாதது. ஐந்தாவது சதம் வருமா என்பதல்ல, எத்தனை பந்துகளில் வரும் என்பதே காலிறுதிக்கு முன் நடந்த விவாதம். சிட்னியில் மார்ச் 18 அன்று தென்னாபிரிக்காவிடம் அணி 133 ஓட்டங்களுக்குச் சுருண்டது. சங்கக்கார 96 பந்துகளில் 45. அதுவே அவருடைய கடைசி ஒருநாள் ஆட்டம்.

இந்த நம்பிக்கையைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2022ஐ எண்ணிப் பாருங்கள். எரிவாயு இல்லை, பெற்றோல் வரிசை, மருந்து இல்லை. செப்டம்பர் 11 அன்று டுபாயில் 58 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்த அணியை பானுக ராஜபக்ஷ ஆட்டமிழக்காத 71 ஓட்டங்களால் 170க்குக் கொண்டுசென்றார். பாகிஸ்தானை வென்று ஆசியக் கிண்ணம் வந்தது. அந்த ஆண்டில் ராஜபக்ஷ என்ற பெயரை நாடு முழுவதும் மகிழ்ச்சியோடு உச்சரித்த ஒரே இரவு அதுவாகத்தான் இருக்கும்.

எனக்குள்ள வழக்கு வேறிடத்தில். ரசிகரின் இந்தப் பொறுமையில் நிர்வாகிகள் சுகமாகக் குளிர் காய்கிறார்கள். 55க்குச் சுருண்ட பின்னர் 2023 நவம்பரில் விளையாட்டு அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்தார். சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் அங்கத்துவத்தை இடைநிறுத்தியது. ஜனவரியில் தடை நீங்கியது. பெப்ரவரியில் நிஸ்ஸங்கவின் 210 வந்ததும் எல்லாம் மறந்து போயிற்று. ஒரு காலகட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கழகங்கள் முதல்தரப் போட்டிகளில் ஆடின; அத்தனை கழகங்களுக்குள் தரமான ஆட்டம் நீர்த்துப் போனதைப் பற்றி ஒரு சதம் அடிக்கப்பட்ட மாலையில் எவர் பேசுவார்? இங்கே தோட்டத்துப் பையன்கள் டென்னிஸ் பந்தில் அற்புதமாக ஆடுகிறார்கள். தோல் பந்தும் புற்றரை ஆடுகளமும் பெரும்பாலோருக்குத் தொலைக்காட்சிக் காட்சிகள்.

2024 செப்டம்பரில் காலியில் கமிந்து மெண்டிஸ் டெஸ்ட் ஆட்டங்களில் ஆயிரம் ஓட்டங்களைப் பதின்மூன்று இனிங்ஸ்களில் கடந்து பிரட்மனோடு சமநிலை அடைந்தார். இரண்டு மாதங்கள் சென்றன. குசல் பெரேரா அற்புதம் நிகழ்த்திய அதே டேர்பன் மைதானத்தில் அணி 42 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. டெஸ்டில் இலங்கையின் ஆகக் குறைந்த எண்ணிக்கை. அதில் கமிந்துவின் 13தான் அதிகபட்சம்.

கடைப் பட்டியல்களில் இடம்பெறாத ஒரு துடுப்பாட்ட வரிசையும் உண்டு. 2024 ஜூலை 28 அன்று எங்கள் மாவட்டத்துத் தம்புள்ளை மைதானத்தில் மகளிர் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவின் 165 ஓட்டங்களைச் சமரி அத்தபத்து 61, ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காது 69 எனத் துரத்தி, எட்டு விக்கெட்டுகளால் வென்றார்கள். முதலாவது கிண்ணம். மைதானத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. அன்று அரவிந்தவைப் பற்றி எவரும் பேச வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஆடவர் உலகக் கிண்ணம் 2027இல் தென்னாபிரிக்கா, சிம்பாப்வே, நமீபியா நாடுகளில். மிளகு வியாபாரி பட்டியலைத் தயார் செய்துவிட்டார். நிஸ்ஸங்க, குசல் மெண்டிஸ், அசலங்க வரையில் எங்களுக்குள் தகராறில்லை. கமிந்துவை ஆறாம் இலக்கத்தில் போட்டிருக்கிறார். அதற்கு முன்னே வந்தால்தான் அவருக்குப் பந்துகள் மிஞ்சும் என்பது என் கட்சி. போன முறை தொலைபேசியில் இதைச் சொன்னபோது, தென்னாபிரிக்க ஆடுகளங்களைப் பற்றி எனக்குத் தெரியாது என்றார்.