கண்ணாடியை மாற்ற முன் இடைவெளியைப் பாருங்கள்



ஊரில் பழைய பலகை ஜன்னல்களைக் கழற்றிவிட்டு அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் பூட்டுவது இப்போது கூடியிருக்கிறது. எங்கள் வீட்டு முன்னறைக்கும் இரண்டு பூட்டினோம். பார்க்க வடிவு, தூசியும் குறைவு. ஆனால் வீதிச் சத்தம் மட்டும் அப்படியே வருகிறது. இதே கதையை இன்னும் மூன்று நான்கு பேர் என்னிடம் சொன்னதால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு இது சும்மா வசதிப் பிரச்சினை இல்லை. அந்த அறையில் படுப்பது தங்கச்சி. தாதியாக வேலை, கிழமையில் இரண்டு மூன்று நாள் இரவு டியூட்டி. காலையில் வந்து எட்டு மணிக்குப் படுத்தால் இரண்டு மணி வரையாவது தூங்க வேண்டும். அன்றிரவே திரும்பவும் நோயாளிக்கு ஊசி மருந்து அளக்கிற கை அது. வாசலைத் தாண்டினால் ஏ4 வீதி. கொழும்பு பஸ், மணல் டிப்பர், மீன்காரரின் ஹோர்ன், பாண் ஓட்டோவின் பீத்தோவன் மெட்டு எல்லாம் வரிசையாக வரும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தி உயர் நீதிமன்றம் 2007இல் உத்தரவிட்டது. அது இரவில் தூங்குகிறவர்களுக்கு. பகலில் தூங்குகிறவர்கள் என்ன செய்வது?

"காக்கா, ஜன்னல் மாத்தியும் றோட்டு ரூமுக்குள்ளதான் இரிக்கி" என்றாள்.

பூட்டிய இடத்தில் சொன்னபோது, "கண்ணாடியத் தடிப்பாக்குவம் சேர்" என்று ஒரு தொகை சொன்னார்கள். கண்ணாடியை மாற்ற முன் கணக்கைப் பார்ப்போம் என்று கொப்பியை எடுத்தேன்.

4 அடிக்கு 4 அடி ஜன்னலின் பரப்பு 2304 சதுர அங்குலம். சுற்றளவு 192 அங்குலம். சுற்றிவர அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால் மொத்தம் 24 சதுர அங்குலம், அதாவது ஜன்னலில் நூற்றில் ஒரு பங்கு திறந்தே கிடக்கிறது. அவ்வளவு திறந்திருந்தால், எவ்வளவு தடித்த கண்ணாடி போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல் குறைக்க முடியாது. ஒழுங்காக அடைத்த சாதாரண 5 மில்லிமீற்றர் கண்ணாடியே ஏறக்குறைய 30 டெசிபல் குறைக்கும். காற்று நுழைகிற இடத்தால் சத்தமும் நுழையும். தடிப்புக்குக் காசு கொடுப்பது அதற்குப் பிறகுதான்.

இரவில் அறை லைட்டை அணைத்துவிட்டு, தம்பியை வெளியே டோர்ச் பிடிக்கச் சொன்னேன். வீட்டில் யாரும் செய்யலாம். பிரேமுக்கும் சுவருக்கும் நடுவில் மேல் மூலையில் கோடு போல வெளிச்சம். வெளியே மெல்லிசாக சிலிக்கன் இழுத்திருக்கிறார்கள், அதுவும் மூலையில் விட்டுப்போயிருக்கிறது. உள்ளே வெறும் பொந்து. இரண்டு கதவும் சந்திக்கிற இடத்தில் பிரஷ் மாதிரி ஒரு பட்டி இருக்குமே, அது மேலும் கீழும் அரை அங்குலம் குறைவாக வெட்டப்பட்டிருந்தது. கொழுக்கியும் இறுகவில்லை.

பொந்தைச் சாந்தால் இறுக்கி அடைத்து, இரண்டு பக்கமும் சிலிக்கன் போட்டோம். பட்டியை முழு நீளத்துக்கு மாற்றி, கொழுக்கியை இறுக்கினோம். கண்ணாடிக்குக் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. ஒரு எச்சரிக்கை: கீழ்த் தண்டவாளத்தில் வெளிப்பக்கமாகச் சின்னத் துவாரங்கள் இருக்கும். மழைத் தண்ணீர் வடிய வைத்தவை. அதையும் சேர்த்து அடைத்தால் மாரியில் தண்ணீர் அறைக்குள் வரும்.

அடுத்தது ஜன்னலுக்கு மேலே இருந்த பழைய காற்றுத் துவாரங்கள். உள்ளங்கை அகலத்தில் ஆறு ஓட்டை திறந்திருக்கும்போது கீழே கண்ணாடியைப் பற்றிப் பேசி வேலையில்லை. ஆனால் நம்மூர் வெக்கையில் எல்லாவற்றையும் மூடவும் முடியாது. வீதிப் பக்கம் உள்ளதை அடைத்தோம், வளவுப் பக்கம் உள்ளதை விட்டோம். மின்விசிறி போட்டால் சமாளிக்கலாம்.

இப்போது பேச்சுக்குரல், மோட்டார் சைக்கிள், ஹோர்ன் நன்றாகக் குறைந்துவிட்டன. டிப்பரின் உறுமல் மட்டும் இன்னும் வருகிறது. தாழ்ந்த சத்தத்தை மெல்லிய கண்ணாடி தடுக்காது. அதற்குத்தான் நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய தடித்த கண்ணாடி வேண்டும். கை கூடும்போது பார்ப்போம். தடித்த திரைச்சீலையைப் பலர் சொன்னார்கள். அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளிச் சத்தத்துக்குப் பெரிதாக உதவாது. புதிதாகக் கட்டுகிறவர்கள் வீதிப் பக்கப் படுக்கையறைக்கு ஸ்லைடிங்கை விட்டுவிட்டு, ரப்பரில் அழுந்தி மூடுகிற, கதவு மாதிரித் திறக்கிற ஜன்னலைக் கேளுங்கள்.

பாண் ஓட்டோத் தம்பியோடு மட்டும் நேரே பேசினேன். தங்கச்சி தூங்குகிற நாளில் கேற்றில் ஒரு பச்சைத் துணி கட்டுவோம், கண்டால் பாட்டை நிறுத்திவிட்டுப் போவார். துணி கட்டிய நாளில் பாண் வந்ததே தெரியவில்லை என்று பக்கத்து வீட்டு ராத்தா இப்போது முறைப்பாடு சொல்கிறார். அந்த வீட்டுக்கு ஒரு இறாத்தல் பாணை நானே வாங்கிக் கொடுக்கிறேன்.