முதல் குண்டு

என் ரைஃபிளில் தோட்டாக்களை அடுக்கி வைக்க இடம் கிடையாது. நெம்புகோலைக் கீழே தள்ளினால், குழலின் பின்வாயை மூடியிருக்கும் எஃகுக் கட்டை இறங்கும். ஒரு தோட்டாவை விரலால் உள்ளே தள்ளி நெம்புகோலை ஏற்றினால் வாய் அடைபடும். அவ்வளவுதான். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஃபார்குவர்சன் 1872-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழியில், ரூகர் நிறுவனம் 1967-இல் கொண்டுவந்த ‘நம்பர் 1’ இது. மொன்டானாவில் அக்டோபர் கடைசியில் மான் பருவம் தொடங்கும்போது இதைத்தான் தூக்கிக்கொண்டு மலையேறுகிறேன். இரண்டாவது குண்டுக்கு மான் காத்திருக்காது. ஆகவே இந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பது என்றால் முதல் குண்டைத் தேர்ந்தெடுப்பதுதான். இது எனக்குப் புரியச் சில வருடங்கள் ஆயின.

என்னுடையது .30-06. அமெரிக்க ராணுவம் 1906-இல் ஏற்றுக்கொண்ட தோட்டா. இங்கே சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். 150, 165, 180 கிரெயின் எடைகளில் மூன்று நான்கு வகை வாங்கிச் சுட்டுப் பார்த்தால், குழலுக்கு எது ஒத்துப்போகிறது என்று குறிக்காகிதமே சொல்லிவிடும். இரண்டு வகைப் பெட்டிகளை எடுத்தால், எடை ஒன்றாக இருக்கும், விலையும் ஒன்றாக இருக்கும். ஆனால் ஒன்று 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் மூன்று துளை போடும். மற்றது மூன்று அங்குலத்துக்குச் சிதறும்.

காகிதத்துக்கு முன்னால் விலங்கை நினைக்க வேண்டும். 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்ற வேட்டைக்காரர், உடம்பெல்லாம் சேறு அப்பிய ஒரு மூஸ் மானைச் சுட்டார். குண்டுகள் ஆழமாக இறங்கவில்லை. அந்த உறுத்தலில் பிறந்ததுதான் 1948-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘பார்ட்டிஷன்’ குண்டு. நடுவில் ஒரு தடுப்புச் சுவர். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் ஊடுருவும். குண்டு குறியில் பட்டால் மட்டும் போதாது, உயிர்நிலை வரை போய்ச் சேர வேண்டும். முழுச் செம்புக் குண்டு எடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீண்டுவிடும். குண்டைச் சுழலவைக்கும் குழலின் உள்வரி முறுக்கு பார்ப்பது குண்டின் நீளத்தை, எடையை அல்ல.

கடைத் தோட்டாவில் குழலின் ருசி தெரிந்த பிறகுதான் சொந்தமாகத் தோட்டா அடைக்க உட்கார்ந்தேன். பித்தளைக் கூடு, தீ மூட்டும் பிரைமர், வெடிமருந்து, குண்டு என்று நான்கே பொருள். கையேட்டில் சொன்ன தொடக்க அளவிலிருந்து தொடங்கி, சிறிது சிறிதாக ஏறுவேன். 7000 கிரெயின் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. அதில் பத்தில் ஒரு கிரெயின் வரை தராசில் நிறுக்கிறேன். பிரைமர் தட்டையானாலோ, கூடு வெளியே வர முரண்டினாலோ அங்கேயே நிறுத்திவிடுவேன். நான்கில் ஒன்றை மாற்றினாலும் மறுபடி அடியிலிருந்துதான். போல்ட் ரைஃபிளைப் போல இறுகிய கூட்டை உள்ளே அழுத்தவோ பிடுங்கவோ என் துப்பாக்கியின் எஃகுக் கட்டைக்கு வலு போதாது. அதனால் ஒவ்வொரு கூட்டையும் முழு நீளத்துக்கும் ‘டை’ என்ற அச்சில் இட்டுச் சீராக்குகிறேன்.

தோட்டா அடுக்கும் மாகசின் இல்லாததால் தோட்டாவின் நீளத்துக்கும் தடையில்லை. அந்தச் சுதந்திரத்தில்தான் தவறினேன். குண்டைக் குழலின் உள்வரிகளைத் தொடும் அளவுக்கு வெளியே நீட்டி அமர்த்தினேன். காகிதத்தில் துளைகள் ஒன்றையொன்று தொட்டன. இதைவிட நல்ல தோட்டா இல்லை என்றே நம்பினேன். அந்த நவம்பரில் ஒருநாள் மாலை, சுடாமலே திரும்பும்போது, தோட்டாவை வெளியே எடுக்க நெம்புகோலை இறக்கினேன். கூடு மட்டும் வந்தது. உள்வரி குண்டைக் கவ்விக்கொண்டது; மருந்து முழுவதும் துப்பாக்கியின் உள்ளுறுப்புகளில் கொட்டியது. குண்டைக் கம்பியால் தட்டி எடுத்து, எல்லாவற்றையும் துடைத்து முடிப்பதற்குள் மறுநாள் வேட்டையும் போயிற்று. இப்போது உள்வரியிலிருந்து ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு பின்தள்ளி அமர்த்துகிறேன். துளைகள் சற்று விலகின. ஆனால் உள்ளே போட்ட தோட்டா முழுசாக வெளியே வருகிறது.

சூடேறிய குழலில் அடுத்தடுத்துப் போட்ட மூன்று துளைகளை இப்போது நான் பெரிதாக எண்ணுவதில்லை. வேட்டையில் சுடுவது குளிர்ந்த குழலால், ஒரே முறை. ஜூலை வெயிலில் எரியும் மருந்து நவம்பர்ப் பனியில் அதே வேகம் தராமலும் போகலாம். அதனால் ஒரே காகிதத்தைப் பத்திரப்படுத்தி, பத்து வெவ்வேறு நாட்களில், நாளுக்கு ஒரே ஒரு குண்டு சுடுகிறேன். அதில் சில நாட்களாவது உறைபனி நாட்களாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

தோட்டா அடைக்கத் தொடங்குபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: கையேட்டைத் தாண்டாதீர்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை உடனே எழுதி வையுங்கள். அந்தப் பத்துத் துளைகளும் 100 கஜத்தில் இரண்டு அங்குல வட்டத்துக்குள் அடங்கும்வரை எந்தத் தோட்டாவையும் மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். நாம் காட்டும் இந்தப் பொறுமை, எதிரே நிற்கும் உயிருக்கு நாம் பட்டிருக்கும் கடன்.