ஒத்தில் தொடங்கும் பாடம்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குச் செல்லும் மார்க்கத்தில், ஆடுதுறையைத் தாண்டியதும் அடுத்தடுத்து அமைந்திருக்கும் இரண்டு ஊர்களில் நாகஸ்வரம் என்னும் வாத்தியத்தின் உடலும் நாவும் தனித்தனியே உருவாகின்றன. நரசிங்கன்பேட்டையில், பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்கி, பல தலைமுறைக் காலம் காற்றுப்பட்டு ஈரம் அறவே வற்றிப்போன அந்த ஆச்சாமரத்தைக் கடைந்து குழலாக்குகிறார்கள். திருவாவடுதுறையிலோ கொறுக்கைத் தட்டையைப் பக்குவப்படுத்திச் சீவாளி கட்டுகிறார்கள். நரசிங்கன்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகள் அந்தப் பட்டறைகளைப் பற்றி எழுதின, எழுதியது நியாயமே. ஆனால் மரமும் தட்டையும் மட்டும் இருந்தால் நாதம் பிறந்துவிடாதாகையால், அவற்றை வாயில் வைத்து ஊதப்போகும் பிள்ளைகள் எவ்விதம் தயாராகிறார்கள் என்பதைப் பார்க்கும் ஆவலோடு, அவ்வூர்களுக்குச் சமீபத்தில் ஒரு கிராமத்தில் சிஷ்யர்களை வைத்துக்கொண்டு பாடம் சொல்லிவரும் நாகஸ்வர வித்வான் ஒருவரின் வீட்டுக்குப் போனேன்.

வித்வான் அறுபது வயதைக் கடந்தவர். கோவில் உற்சவங்களிலும் கல்யாணங்களிலும் வாசிப்பதுதான் ஜீவனம். வாசிப்பு இல்லாத நாட்களில் விடியற்காலையிலும் விளக்கு வைத்த பிறகும் பாடம் நடக்கிறது. பரம்பரையாக நாயனம் வாசிக்கும் குடும்பத்துப் பிள்ளைகளோடு, அந்தச் சம்பந்தமே இல்லாத குடியானவர் வீட்டுப் பிள்ளைகளும், பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணும் அவரிடம் கற்கிறார்கள். "பாடத்தைப் பத்தி நான் வாயால என்னங்க சொல்றது? ஒக்காந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு, எனக்குத் திண்ணையில் பாய் விரித்துக் கொடுத்தார்.

எல்லோரினும் இளைய சிஷ்யனான ஒரு பையனின் கையில் இருந்தது நாகஸ்வரம் அன்று, ஒத்து. இக்காலத்துக் கல்யாணப் பந்தல்களில் அதைக் காண்பது அரிதாகிவிட்டபடியால் சிறிது விளக்க வேண்டும். பார்வைக்கு நாகஸ்வரத்தைப் போலவே இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் இல்லை. அடிப்பாகத்தில் இருக்கும் சில துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்துகொண்டபின், ஆதார ஷட்ஜம் ஒன்றைத் தவிர வேறெதையும் அது பேசாது. அந்த ஒரே ஸ்வரத்தை மூச்சு விடும் இடம் தெரியாதபடி, ஏற்ற இறக்கம் இல்லாமல், வித்வான் வாசித்து முடிக்கும் வரையில் நிறுத்தாமல் ஊதிக்கொண்டிருப்பதே ஒத்துக்காரனின் கடமை. முற்காலத்தில் மேளத்தில் புதிதாகச் சேரும் பையனுக்கு ஒத்தையோ தாளத்தையோதான் கொடுப்பார்கள். இந்த வித்வான் அந்தச் சம்பிரதாயத்தை ஒரு போதனா முறையாகவே இன்றைக்கும் வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒத்து ஊதுவதற்கு வாயால் காற்றை விட்டுக்கொண்டிருக்கும்போதே மூக்கால் காற்றை இழுக்கத் தெரிய வேண்டும். கன்னங்களில் காற்றை நிறைத்து வைத்து, அந்தச் சேமிப்பு குழலுக்குள் போய்க்கொண்டிருக்கும் கணநேரத்தில் நுரையீரல் மூக்கின் வழியாகத் தன்னை நிரப்பிக்கொள்ள வேண்டும். இதை வார்த்தையால் விளக்கினால் எந்தக் குழந்தைக்கும் விளங்காது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே பையனைக் கிணற்றடிக்கு அழைத்துக்கொண்டு போய், வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொள்ளச் சொல்லி, அதை மெல்லிய தாரையாகத் துப்பிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்கும்படி செய்தார். முதலில் மூச்சு இழுத்த மாத்திரத்தில் தாரை அறுந்துபோயிற்று; மறுபடியும் சொம்பு நிறைந்தது; இரண்டு கன்னங்களையும் தம் விரல்களால் இலேசாக அழுத்திப் பிடித்து, எந்த இடத்திலிருந்து தண்ணீர் தள்ளப்பட வேண்டும் என்பதை அந்த ஸ்பரிசத்தினாலேயே உணர்த்தினார். பலமுறை இப்படி நடந்தபின், பையன் மூச்சு இழுத்ததையும் அறியாமல் தாரை அறுபடாமல் கீழே விழுந்தது. "ஆச்சு. அந்தத் தண்ணி இருந்த எடத்துல இனிமே காத்து" என்று சொல்லிவிட்டு, வேறு பேச்சின்றி அவனை ஒத்தின் முன்னால் உட்கார வைத்தார்.

மூச்சுப் பயிற்சி மட்டுமே இதன் பிரயோஜனம் என்று நினைப்பது அதன் பாதி மகிமையைத்தான் அறிந்ததாகும். நாகஸ்வரத்தில் விரல் வைப்பதற்கு ஏழு துளைகளே இருக்கின்றன. சங்கீதத்துக்கு வேண்டிய ஸ்வர ஸ்தானங்களையும், அவற்றினிடையே ஊசலாடும் கமகங்களையும், துளையைப் பாதி மூடியும், உதட்டின் இறுக்கத்தாலும், மூச்சின் அழுத்தத்தாலும்தான் பெற வேண்டியிருக்கிறது. திமிரி என்னும் குட்டையான குழலைவிட நீண்டு, தாழ்ந்த சுருதியில் பேசும் பாரி நாயனம் வழக்குக்கு வந்தபின் மூச்சின் பொறுப்பு இன்னும் அதிகமாயிற்று. ஆகவே, ஸ்வரம் எங்கே இருக்கிறது என்பதை வாத்தியம் காட்டிக்கொடுக்கும் என்று நம்பி இதில் யாரும் பழக முடியாது. வாசிப்பவனின் செவியில் அது முன்னமே இருந்தாக வேண்டும். ஆதார ஷட்ஜத்தைத் தன் வாயாலேயே மாதக்கணக்கில் நிலைநிறுத்தி, அதன்மேல் குருநாதர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் எப்படிப் பொருத்துகிறார் என்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து கேட்கும் பையனுக்கு, வேறு எந்தப் பாடத்திட்டத்தாலும் தர முடியாத செவி வாய்த்துவிடுகிறது. அவன் ஒரு ராகத்தையும் கற்பதாகத் தோன்றாது. ஆனால் அத்தனை ராகங்களும் அவன் மூச்சின்மேல் ஏறிப் போய்க்கொண்டிருக்கின்றன.

இந்தப் பயிற்சி அருகிப்போனதற்குக் காரணமாக இருந்தவர்களில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் ஒருவர் என்று கூறும்போது, அந்த மகாவித்வானிடம் எனக்குள்ள பக்தி சிறிதும் குறைந்துவிடவில்லை. 1898-ல் பிறந்து 1956-ல் மறைந்த அவர், நாகஸ்வரத்தைப் பெரிய சபைகளின் மேடையில் அமர்த்தி, மற்றக் கச்சேரி வித்வான்களுக்கு இருந்த கௌரவத்தைப் போராடிப் பெற்றார். அந்தப் போராட்டத்தின் ஓர் அம்சமாக ஒத்தை விலக்கித் தம்புராவை வைத்துக்கொண்டார். அவருடைய நாதத்துக்குத் தம்புராவின் மென்மை பொருந்தியது. அதை யார் குறை சொல்ல முடியும்? பின்னால் வந்தவர்கள் தம்புராவை விட்டுச் சுருதிப் பெட்டிக்கும், அப்பால் மின்சாரப் பெட்டிக்கும் போனார்கள். மேடையிலிருந்து ஓர் ஓசை நீங்கியதை எல்லோரும் கவனித்தார்கள். அந்த ஓசையோடு ஒரு சிறுவனின் ஆசனமும் நீங்கியதை அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து ஊதுவதனாலேயே வித்தை வரும் என்பதற்கு அதே ராஜரத்தினம் பிள்ளையின் பிரதம சிஷ்யரான காருகுறிச்சி அருணாசலத்தைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. குருவுக்கு இரண்டாவது நாயனமாக அமர்ந்து, அவர் விட்ட இடத்தில் எடுத்து, அவர் எடுக்கும் இடத்தில் விட்டு வாசித்ததே அவருடைய குருகுலவாசம். ஆந்திர தேசத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானாவும், தஞ்சாவூர்ப் பாணியின்மீது கொண்ட மோகத்தால் இவ்வளவு தூரம் வந்து, நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் சிட்சை பெற்றார். பிற்காலத்தில் ஸ்ரீரங்கத்தில் தாமே ஒரு நாகஸ்வர ஆசிரமத்தை ஸ்தாபித்துப் பலருக்கும் கற்பித்தார்.

அன்று மாலையில் மூத்த சிஷ்யையின் பாடத்தைக் கேட்டேன். தோடி ஆலாபனை. சீவாளியை வாயில் ஊறவைத்து, ஊசியால் அதன் வாயைச் சற்றே விரித்து, குழலின் தலைப்பில் பொருத்தும் கெண்டையில் செருகி ஊதிப் பார்த்து, திருப்தியில்லாமல் கழற்றி, தொங்கவிட்டிருந்த சீவாளிகளில் வேறொன்றை எடுத்துக்கொண்டு அவள் ஆரம்பித்தாள். விரல்கள் சுத்தமாகத்தான் விழுந்தன, நாவால் தட்டி வாசிக்கும் துத்துகாரத்திலும் பிசகில்லை. ஆயினும் காந்தாரம் அசையாமல் நின்றது. வித்வான் அதைத் தவறென்று சொல்லவில்லை. தம் குழலை எடுத்து அதே பிரயோகத்தை வாசித்தார். அவள் திருப்பி வாசித்தாள். அவர் மறுபடியும் வாசித்தார். மூன்றாம் முறைக்குப் பிறகு, "நாயனத்தைக் கீழ வை, கண்ணு. பாடு" என்றார். அவள் பாடியபோது காந்தாரம் தானாகவே அசைந்து, மத்தியமத்தை எட்டித் தொட்டுத் திரும்பிற்று. "தொண்டையில இருக்கு பாரு. அதைத்தானே குழலுக்குள்ள விடணும்?" என்று அவர் சொன்னபோது, அருகில் ஒத்து ஊதிக்கொண்டிருந்த சிறுவனின் கண்கள் ஒரு கணம் அவள் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன், ஒத்து மட்டும் அசங்கவில்லை.

எந்தச் சிஷ்யரின் உதட்டைப் பற்றியும் விரலைப் பற்றியும் அவர் பேசியதை நான் கேட்கவில்லை. பிழை கையில் தெரிந்தாலும் அதன் மூலம் காதில் இருக்கிறது என்பது அவருடைய திடமான நம்பிக்கை. கேட்க வைத்தால் கை தானாகத் திருந்தும் என்று காத்திருக்கிறார். இந்தப் பொறுமை வருஷக் கணக்கில் வேண்டும்; பரீட்சைக்குத் தேதி குறித்துப் பாடம் நடத்தும் பாடசாலைகளில் அதற்கு இடம் கிடைப்பது சிரமம். ஆயினும் ஒவ்வொரு பாடசாலையிலும் ஓர் ஒத்தை வைத்து, புதிதாகச் சேரும் பிள்ளைகளை முறைவைத்து ஊதச் செய்வதற்கு ஒரு குழலின் விலைக்கு மேல் செலவில்லை. இதை அவசியம் செய்ய வேண்டுமென்று நான் மனப்பூர்வமாக விரும்புகிறேன்.

ஒத்துக்கு ஓர் ஆளை அழைத்து வருவதைக் கல்யாண வீட்டார் விரும்புவதில்லை. பெட்டி இருக்கும்போது இன்னொருவருக்கு எதற்காகப் பணம் என்பது அவர்கள் கேள்வி. பேசி முடித்துக்கொண்டு போக வந்திருந்த ஒருவர் என் எதிரிலேயே அப்படிக் கேட்டார். "பையனுக்கு நீங்க ஒண்ணும் தர வேணாம். எலை மட்டும் போட்டுடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று வித்வான் பதில் சொன்னார். மேளத்துக்குக் கிடைக்கும் சன்மானத்தில் தாளக்காரருக்குக் கொடுக்கும் அளவுக்கு ஒரு பங்கைத் தம் பங்கிலிருந்து எடுத்து வைத்து, ஊர் திரும்பியதும் பையனின் தாயாரை அழைத்து அவள் கையிலேயே கொடுத்துவிடுவது அவர் வழக்கம் என்பதை, அவருடைய தவில்காரர் எனக்குச் சொன்னார்.